பார்பெல் ஸ்குவாட் எல்லோருக்கும் கட்டாயமா?

கேள்வி இதுதான். ஆறு மாதங்களாக ஜிம்முக்குச் சென்று வரும் ஒருவருக்கு, பார்பெல்லை (இரு முனைகளிலும் எடை மாட்டும் நீண்ட இரும்புத் தண்டு) முதுகில் ஏற்றி ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்கிற ஒவ்வொரு முறையும் கீழ்முதுகு இரண்டு நாட்களுக்குப் பிடித்துக்கொள்கிறது. லெக் பிரஸ் (இயந்திரத்தில் சாய்ந்தபடி கால்களால் எடையைத் தள்ளுவது), டம்பெல் லஞ்ச் (கைகளில் சிறு எடைகளைப் பிடித்து, ஒரு காலை முன்னே வைத்து இறங்கி எழுவது) ஆகியவற்றைச் செய்யும்போது அப்படி எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் உடன் பயிற்சி செய்பவர்கள், ஸ்குவாட் செய்யாமல் காலும் வளராது, உடம்பும் வளராது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது என்ற எச்சரிக்கையும் அவர்களிடமிருந்து கிடைத்திருக்கிறது. ஜிம்முக்குப் போகும் எல்லோரும் பார்பெல் ஸ்குவாட் செய்தே ஆக வேண்டுமா என்று அவர் கேட்கிறார்.

கட்டாயமில்லை என்பதுதான் என் பதில். ஆனால் இந்தப் பதிலைக் கேட்டதும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக் கால் பயிற்சியையே கைவிட்டுவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால், எது கட்டாயம், எது கட்டாயமில்லை என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய பொறுப்பும் எனக்கு இருக்கிறது. முழங்காலையும் இடுப்பையும் நன்றாக மடக்கி, ஓர் எடையைத் தாங்கி, மீண்டும் நிமிர்ந்து எழுகிற பயிற்சி ஏதேனும் ஒரு வடிவத்தில் நடக்க முடிந்த எல்லோருக்கும் தேவை. அந்த எடை 20 கிலோ இரும்புத் தண்டாகத்தான் இருக்க வேண்டும், அது பிடரிக்குக் கீழே முதுகின் குறுக்கேதான் கிடக்க வேண்டும் என்ற நிபந்தனைக்குத்தான் அடிப்படை இல்லை.

நாற்காலியிலிருந்து எழுவதும், தரையில் கிடக்கும் பையைத் தூக்குவதும், உயரமான படியில் ஏறுவதும், குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொள்ளக் குனிந்து நிமிர்வதும் இந்த ஒரே அசைவின் வெவ்வேறு முகங்கள். வயது ஏறும்போது மனிதர்கள் பிறரைச் சார்ந்து வாழத் தொடங்குவது பல நேரங்களில் தானாக எழுந்து நிற்க முடியாமல் போகும் இடத்தில்தான். அதனால்தான் முதியோரின் கால் வலுவை அறிய, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுமையாக எழ முடிகிறது என்று எண்ணிப் பார்க்கிறார்கள். உலக சுகாதார அமைப்பு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், பெரியவர்கள் வாரத்தில் 2 நாட்களாவது முக்கியத் தசைத் தொகுதிகள் அனைத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்றுதான் கூறுகிறது. எந்தக் கருவியைக் கொண்டு செய்ய வேண்டும் என்று அது வற்புறுத்தவில்லை.

அப்படியிருக்க, இந்த ஒரு பயிற்சிக்கு மட்டும் ‘செய்தே தீர வேண்டும்’ என்ற அந்தஸ்து எப்படி வந்தது என்பதைப் பார்ப்பது பயன் தரும். 1920-களில் ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய ஹென்றி ஸ்டெய்ன்பார்ன் என்ற பலசாலி, ரேக் (பார்பெல்லைத் தாங்கி நிற்கும் சட்டகம்) எதையும் பயன்படுத்தாமல், கனத்த பார்பெல்லை ஒரு முனையில் செங்குத்தாக நிறுத்தி, அதன் அடியில் தோளைக் கொடுத்து, அப்படியே முதுகின் மேல் சாய்த்து ஏற்றிக்கொண்டு ஆழமாக உட்கார்ந்து எழுந்து காட்டினார். அந்தக் காட்சி அங்கே கனத்த ஸ்குவாட்டின் மீது பெரிய ஆர்வத்தைக் கிளப்பியது. பின்னர் வலுதூக்குதல் ஒரு தனி விளையாட்டாக உருவாகி, 1972-இல் அதற்கென்று உலகக் கூட்டமைப்பும் அமைந்தபோது, ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி மார்பிலிருந்து எடையைத் தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது) என்ற மூன்றில் முதல் இடம் இதற்குக் கிடைத்தது. இடுப்பு மடியும் இடத்தில் தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சிக்குக் கீழே போக வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. ஒலிம்பிக் பளுதூக்குதலிலோ, மார்புக்கு மேல் வாங்கிய எடையோடு ஆழத்திலிருந்து எழுந்தே ஆக வேண்டும் என்பதால், வீரர்கள் முன்பக்கமாகவும் பின்பக்கமாகவும் பார்பெல்லை வைத்து ஸ்குவாட் செய்து செய்து கால்களைத் தயார்ப்படுத்துகிறார்கள். இந்த இரு விளையாட்டுகளிலும் இருப்பவர்களுக்கு இது கட்டாயம்தான். அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஜிம்களில் வழங்கும் பயிற்சி அறிவில் பெரும்பகுதி இவர்களிடமிருந்து வந்ததால், அவர்களுடைய போட்டித் தேவையும் அதனோடு சேர்ந்து எல்லோருடைய கடமையாகவும் வந்து சேர்ந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

இன்னொரு நம்பிக்கையும் இந்த அந்தஸ்துக்குத் துணை நின்றது. கனத்த ஸ்குவாட் செய்தால் டெஸ்டோஸ்டிரோன், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை இரத்தத்தில் உயர்கின்றன, அதனால் கை, மார்பு உட்பட உடம்பு முழுவதும் வளர்கிறது என்பதே அது. உயர்வு உண்மை, ஆனால் அது சிறிது நேரத்தில் அடங்கிவிடும் உயர்வு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இளைஞர்கள் ஒரு கைக்கு மட்டும் தனியாகப் பயிற்சி அளித்தார்கள். மற்றொரு நாளில் மறு கைக்கு அதே பயிற்சியை அளித்தவுடன் கடுமையான கால் பயிற்சியையும் செய்து ஹார்மோன் அளவை உயர்த்திக்கொண்டார்கள். 15 வாரங்களுக்குப் பின் அளந்தபோது இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வளர்ந்திருந்தன. ஸ்குவாட் செய்யாவிட்டால் கை வளராது என்று உங்களிடம் யாராவது சொன்னால், அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

பார்பெல் ஸ்குவாட் உண்மையில் எந்தத் தசைகளை வளர்க்கிறது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். ‘கால் முழுவதையும் ஒரே பயிற்சியில் முடித்துவிடலாம்’ என்பது பரவலாகக் கேட்கும் வாக்கியம். முன்தொடையில் நான்கு தசைகள் உள்ளன. அவற்றில் மூன்று முழங்காலை மட்டும் நீட்டுபவை, நான்காவது இடுப்பையும் முழங்காலையும் ஒருசேரக் கடந்து செல்வது. ஸ்குவாட்டில் எழும்போது முழங்கால் நீள்வதால் இந்த நான்காவது தசை சுருங்க வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் இடுப்பும் நிமிர்வதால் மறுமுனையில் அது இழுபடுகிறது. கூட்டிக் கழித்தால் அதன் நீளம் பெரிதாக மாறுவதில்லை. பின்தொடைத் தசைகளுக்கும் இதே நிலைமைதான், திசை மட்டும் தலைகீழ். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 10 வாரங்கள் முழு ஆழத்திலும் அரை ஆழத்திலும் ஸ்குவாட் செய்த இரண்டு குழுக்களின் தசைகளையும் காந்த அதிர்வு வரைவியால் (எம்.ஆர்.ஐ.) அளந்து பார்த்தார்கள். முன்தொடையின் மூன்று தசைகள் இரு குழுக்களிலும் வளர்ந்திருந்தன. பிட்டத் தசையும் உள்தொடைத் தசைகளும் முழு ஆழத்தில் செய்தவர்களுக்குக் கூடுதலாக வளர்ந்திருந்தன. பின்தொடைத் தசைகளும் முன்தொடையின் அந்த நான்காவது தசையும் இரு குழுக்களிலுமே குறிப்பிடும்படி வளரவில்லை.

இதன் பொருள் எளிது. பார்பெல் ஸ்குவாட்டை மிகச் சிறப்பாகச் செய்கிறவரும் பின்தொடைக்கு லெக் கர்ல் (இயந்திரத்தில் முழங்காலை மடக்குவது), ரொமானியன் டெட்லிஃப்ட் (முழங்காலை அதிகம் மடக்காமல், எடையோடு இடுப்பிலிருந்து குனிந்து நிமிர்வது) போன்ற ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கெண்டைக்காலுக்கும் தனியாக ஏதாவது செய்ய வேண்டும். ஆக, பிற பயிற்சிகளின் துணையில்லாமல் பார்பெல் ஸ்குவாட்டாலேயே கால் பயிற்சியை முழுமையாக்க முடியாது என்னும்போது, அது இல்லாமல் பிற பயிற்சிகளால் முழுமையாக்க முடியாது என்று சாதிப்பதற்கு வழியில்லை. பார்பெல், டம்பெல் போன்ற தனி எடைகளையும் இயந்திரங்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், தசை வளர்ச்சியில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், வலுவைப் பொறுத்தவரை எதில் பழகுகிறோமோ அதில்தான் அதிகம் தேறுகிறோம் என்றும் கண்டிருக்கிறார்கள். லெக் பிரஸ்ஸில் பழகியவர் லெக் பிரஸ்ஸில் பெரிய எடையைத் தள்ளுவார். பார்பெல்லுக்குக் கீழே நின்றால் திணறுவார். போட்டிக்குப் போகாதவருக்கு இதனால் இழப்பு எதுவுமில்லை.

இவ்வளவு சொன்னதால் நான் இந்தப் பயிற்சிக்கு எதிரி என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 15 ஆண்டுகளுக்கும் மேலாக நானே செய்து வருகிறேன், மிகவும் விரும்பிச் செய்கிறேன். அதன் சிறப்புகள் உண்மையானவை. தொடை, பிட்டம், முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள், வயிற்றுச் சுவர் எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்வதால் நேரம் மிச்சமாகிறது. பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட்டை (எடைத் தட்டு)ச் சேர்த்து, மொத்தம் 2.5 கிலோ என்ற சிறு படிகளில் மாதக்கணக்கில் முன்னேற முடிகிறது. டம்பெல் வரிசையில் பல இடங்களில் இந்த வசதி இருப்பதில்லை. எலும்புக்கும் அது நல்லது. ஆஸ்திரேலியாவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்திருந்த பெண்கள் 8 மாதங்கள், வாரத்துக்கு இருமுறை, அரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். டெட்லிஃப்ட், தலைக்கு மேல் பிரஸ், பார்பெல் ஸ்குவாட் ஆகியவற்றை, தாங்கள் தூக்கக்கூடிய உச்ச எடையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் ஏற்றி, 5 செட் (சுற்று), ஒவ்வொரு செட்டிலும் 5 ரெப் (முறை) என்று செய்தார்கள். கூடவே குதித்துத் தரையிறங்கும் ஒரு பயிற்சியும் இருந்தது. அவர்களுடைய கீழ்முதுகெலும்பின் அடர்த்தி சுமார் 2.9 விழுக்காடு உயர்ந்தது. வீட்டிலேயே இலகுவான பயிற்சி செய்த மற்ற குழுவில் சுமார் 1.2 விழுக்காடு குறைந்தது. முதுகெலும்பு சுமையை ஏற்பதில் இருக்கும் நன்மை இது. லெக் பிரஸ்ஸில் படுத்துக்கொண்டு இதைப் பெற முடியாது. எனினும், அந்தப் பெண்கள் ஒவ்வொரு அமர்விலும் தேர்ந்தவர்களின் நேரடிக் கண்காணிப்பில் இருந்தார்கள் என்பதையும், முதல் மாதம் இலகுவான எடையில் முறையைக் கற்றுக்கொண்டார்கள் என்பதையும், ஸ்குவாட் அங்கே தனித்து நிற்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. டெட்லிஃப்டும் கையில் எடை ஏந்தி நடப்பதும்கூட முதுகெலும்புக்குச் சுமையைத் தருகின்றன.

அப்படியானால், ஒருவருக்குப் பொருந்தும் பயிற்சி இன்னொருவருக்கு ஏன் பொருந்தாமல் போகிறது? முதல் காரணம் எலும்புகளின் அளவு. ஸ்குவாட்டில் பார்பெல் எப்போதும் பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர் மேலே இருந்தால்தான் நாம் முன்னாலோ பின்னாலோ விழாமல் நிற்க முடியும். தொடை எலும்பு நீளமாக உள்ளவர் கீழே இறங்கும்போது இடுப்பு வெகுவாகப் பின்னே போகிறது. பார்பெல்லைப் பாதத்துக்கு மேலேயே வைத்திருக்க அவர் மார்பை அதிகமாக முன்னால் சாய்த்தாக வேண்டும். குட்டையான தொடையும் நீண்ட மேலுடலும் கொண்டவர் ஏறக்குறைய நிமிர்ந்தபடியே இறங்கி எழுவார். இருவரும் ஒரே எடையைத் தூக்கினாலும் முதலாமவரின் கீழ்முதுகு செய்யும் வேலை மிகுதி. இடுப்பு மூட்டின் கிண்ணம் எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்குக் கால்களை அகட்டி, விரல்களை வெளிப்புறம் திருப்பினால்தான் ஆழம் கிடைக்கும். இவற்றையெல்லாம் நீட்சிப் பயிற்சியால் மாற்றிவிட முடியாது.

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஓர் உயரமான இளைஞரைச் சொல்கிறேன். அவருக்கும் இதே கீழ்முதுகுப் பிடிப்புதான். வெறும் தண்டை ஏற்றிக்கொண்டு இறங்கச் சொல்லிவிட்டு, பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து கவனித்தேன். முதல் பாதி அழகாக இறங்கினார். தொடை தரைக்கு இணையாக வருவதற்கு ஒரு சாண் இருக்கும்போது, குதிகாலுக்குக் கீழே ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. உடனே அதைச் சரிக்கட்ட மார்பு சாய்ந்தது. கடைசி நான்கு விரற்கடையில் இடுப்பு உள்ளே சுருண்டு, அதுவரை நேராக இருந்த கீழ்முதுகு வில்லாக வளைந்தது. சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடச் சொன்னேன். 10 செ.மீ. தள்ளி நின்று தொட முடிந்தால் கணுக்கால் நன்றாக மடங்குகிறது என்று கொள்ளலாம். அவரால் மூன்று விரல் இடைவெளிக்கு மேல் முடியவில்லை. பின்பு குதிகால்களுக்கு அடியில் காலுக்கொன்றாக இரண்டு சிறு பிளேட்டுகளை வைத்து மீண்டும் இறங்கச் சொன்னேன். அதே மனிதர், அதே தண்டு, மார்பு நிமிர்ந்து நிற்க, முதுகு வளையாமல் தொடை இணைகோட்டுக்குக் கீழே போனது. பளுதூக்கும் வீரர்களின் காலணியில் குதிகால் சுமார் 2 செ.மீ. உயர்த்தப்பட்டிருப்பதன் காரணமும் இதுதான். அந்த இளைஞர் சில மாதங்கள் அப்படியே பார்பெல்லோடு தொடர்ந்தார். பிறகு தானே விரும்பி, முதுகைச் சாய்த்துக்கொண்டு இறங்கி எழும் ஹேக் ஸ்குவாட் இயந்திரத்துக்கும் பின்காலைப் பெஞ்சில் வைத்துச் செய்யும் பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்குவாட்டுக்கும் மாறினார். அவருடைய தொடைகள் அதன் பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்தன, ஏனென்றால் முதுகு சோர்வதற்கு முன்பே தொடை சோர்ந்துபோகும் பயிற்சி அவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது.

முழங்கால் கால்விரலைத் தாண்டக் கூடாது என்ற அறிவுரையை நான் ஒவ்வொரு வாரமும் கேட்கிறேன், ஒவ்வொரு முறையும் வருந்துகிறேன். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்காலுக்கு முன்னால் மரப்பலகையைத் தடுப்பாக வைத்து ஸ்குவாட் செய்யச் சொல்லி அளந்தார்கள். முழங்கால் மூட்டின் மீதான திருப்புவிசை (மூட்டைச் சுழற்ற முயலும் விசை) சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. ஆனால் இடுப்பு மூட்டின் மீதானது 28-இலிருந்து 303 ஆக எகிறியது. முழங்காலில் சிறிது மிச்சம் பிடித்ததற்கு ஈடாக, இடுப்பும் கீழ்முதுகும் பெருஞ்சுமையை ஏற்றன. உயரமானவர்களுக்கும் கணுக்கால் இறுக்கமானவர்களுக்கும் இந்த அறிவுரைதான் முதுகுப் பிடிப்பை வரவழைக்கிறது என்பது என் அனுபவம். ஆழமாக உட்கார்ந்தால் முழங்கால் கெடும் என்ற பயமும் இதன் உறவுதான். 1961-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் கிளைன், ஆழ்ந்த ஸ்குவாட் முழங்காலின் பிணைப்பு நார்களைத் தளர்த்துகிறது என்று எழுதியது முதல் அது பரவியது; பின்னர் நடந்த ஆய்வுகள் அந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை. நலமாக உள்ள முழங்கால், படிப்படியாகப் பழக்கினால், ஆழத்தைத் தாங்கும்.

இனி மாற்றுப் பயிற்சிகள். டம்பெல் பிடித்துச் செய்யும் ஸ்பிளிட் ஸ்குவாட்டை ‘இலகுவானது’ என்று ஒதுக்குபவர்களுக்காக ஒரு தோராயக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 80 கிலோ பார்பெல்லோடு ஸ்குவாட் செய்கிறார் என்று கொள்வோம். முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி ஏறி இறங்குவதில்லை என்பதால் அவருடைய உடல் எடையில் சுமார் 60 கிலோவைத்தான் அவர் தூக்குகிறார். மொத்தம் 140 கிலோ. ஒரு காலுக்கு 70. முதுகெலும்பின் மேல் ஏறியிருப்பது 80. அதே மனிதர் கைக்கு ஒன்றாக 20 கிலோ டம்பெல் இரண்டைப் பிடித்து, பின்காலைப் பெஞ்சின் மேல் வைத்து இறங்குகிறார். டம்பெல் 40, உடல் 60, ஆக 100. அதில் நான்கில் மூன்று பங்கை முன்கால் ஏற்கிறது என்றால் 75 கிலோ. முதுகெலும்பு சுமப்பது 40 மட்டுமே. தொடைக்குக் கிடைக்கும் வேலை ஏறக்குறைய சமம், முதுகுக்குச் சுமை பாதி. கூடுதலாக, இடது வலது வேறுபாடும் இதில் மறைந்துகொள்ள முடியாமல் வெளிப்பட்டுவிடும். இதன் குறை, இரண்டு கால்களுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருப்பதால் நேரம் கூடுவதும், முதல் சில வாரங்கள் தள்ளாட்டம் இருப்பதும்தான்.

லெக் பிரஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 45 பாகை சாய்ந்த இயந்திரத்தில் 100 கிலோ ஏற்றினால் பாதையின் திசையில் கால்கள் எதிர்கொள்வது ஏறத்தாழ 71 கிலோதான். ஆகவே அதில் ஏற்றும் எடையைப் பார்பெல் ஸ்குவாட்டின் எடையோடு ஒப்பிட்டுப் பெருமைப்படவும் வேண்டாம், சிறுமைப்படவும் வேண்டாம். முழங்கால்கள் மார்பை நோக்கி வரும்போது பிட்டம் இருக்கையிலிருந்து எழும்பினால் கீழ்முதுகு வளைகிறது என்று பொருள். அதற்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். இயந்திரம் என்பதால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்கக் கூடாது. 1985-இல் வெளியான ஓர் ஆய்வில், கையின் தமனிக்குள் கருவியைச் செலுத்தி, இரு கால்களாலும் கனத்த லெக் பிரஸ் செய்யும்போது இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். பங்கேற்ற பழகிய உடற்கட்டு வீரர்களின் சராசரி உச்சம் 320/250 என்ற அளவுக்குச் சென்றது. மூச்சை அடக்கி உச்ச எடையைத் தள்ளும்போது எந்தப் பயிற்சியிலும் அழுத்தம் எகிறும். உயர் இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், பார்பெல்லாக இருந்தாலும் இயந்திரமாக இருந்தாலும், முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு, மிதமான எடையில், மூச்சை விட்டபடி செய்வதே முறை.

மார்போடு ஒரு டம்பெல்லையோ கெட்டில்பெல்லையோ (மேலே கைப்பிடி உள்ள உருண்டை எடை) அணைத்துக்கொண்டு செய்யும் காப்லெட் ஸ்குவாட், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் முதலில் கற்றுத்தரும் வடிவம். எடை முன்னால் இருப்பதால் உடம்பு தானாகவே நிமிர்ந்து உட்காரக் கற்றுக்கொள்கிறது. முடியாமல் போனால் எடையைத் தரையில் விட்டுவிடலாம். என்னிடம் வந்த 61 வயதுப் பெண்மணி ஒருவர், தொடக்கத்தில் முழங்கால் உயரப் பெட்டியிலிருந்து கையை ஊன்றாமல் எழவே தயங்கினார். அவருக்கு 4 கிலோ டம்பெல்லைக் கொடுத்து, பெட்டியில் மெல்ல உட்கார்ந்து எழச் சொன்னேன். எட்டு மாதங்களில் பெட்டி இரண்டு படி தாழ்ந்தது, கையில் 16 கிலோ கெட்டில்பெல் ஏறியது. பார்பெல்லைத் தொட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. காப்லெட் ஸ்குவாட்டின் எல்லை என்னவென்றால், ஒரு கட்டத்தில் தொடை களைப்பதற்கு முன்பு கைகள் களைத்துவிடும். அப்போது இடுப்பில் பட்டை கட்டி எடையைத் தொங்கவிடும் பெல்ட் ஸ்குவாட், ஹேக் ஸ்குவாட், ஸ்பிளிட் ஸ்குவாட் என்று ஏதேனும் ஒன்றுக்கு நகர வேண்டியதுதான்.

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். முதுகு வளையாமல் போகக்கூடிய முழு ஆழத்துக்கும் இறங்க வேண்டும். செட் முடியும்போது இன்னும் ஒன்றிலிருந்து மூன்று ரெப் வரைதான் செய்ய முடியும் என்ற களைப்பு இருக்க வேண்டும். மாதங்கள் செல்லச் செல்ல எடையோ ரெப்போ கூடிக்கொண்டே வர வேண்டும். பார்பெல் ஸ்குவாட் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஓராண்டாக அதே எடையில் கால்வாசி ஆழத்துக்குத் தலையாட்டுவதுபோல் இறங்கி ஏறுபவரைவிட, ஆழமாக, நேர்மையாக லெக் பிரஸ் செய்பவருக்குத்தான் கால் வளரும். இதைக் கண்கூடாகப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவருக்கு நேரடியாகச் சில வார்த்தைகள். முதலில் கைபேசியை முழங்கால் உயரத்தில் பக்கவாட்டில் வைத்து உங்கள் ஸ்குவாட்டைப் பதிவு செய்து பாருங்கள். குதிகால் எழும்புகிறதா, எழும்போது மார்பு தாழ்ந்தபடி பிட்டம் மட்டும் முதலில் மேலே போகிறதா, அடியில் இடுப்பு சுருள்கிறதா என்று கவனியுங்கள். முழங்காலைக் கால்விரலுக்குப் பின்னே வைக்க வேண்டும் என்ற முயற்சியைக் கைவிட்டு, அது விரல்களின் திசையிலேயே முன்னே செல்ல அனுமதியுங்கள். குதிகாலுக்கு அடியில் சிறிய உயர்வு கொடுத்து, வெறும் தண்டோடு இரண்டு வாரம் செய்து பாருங்கள். ரேக்கின் பாதுகாப்புக் கம்பிகளை, நீங்கள் இறங்கும் அடிமட்டத்துக்கு இரண்டு விரல் கீழே பொருத்தாமல் ஒரு ரெப்கூடச் செய்ய வேண்டாம். எழ முடியாமல் போனால் எடையை அதன் மேல் இறக்கிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

இத்தனைக்கும் பிறகு பிடிப்பு வந்தால், அல்லது இந்தப் பயிற்சியே உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், மனக்குறையில்லாமல் விட்டுவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாட்கள் கால் பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் லெக் பிரஸ் 3 செட், 8 முதல் 12 ரெப். அதனோடு இலகுவான ரொமானியன் டெட்லிஃப்ட், லெக் எக்ஸ்டென்ஷன் (இயந்திரத்தில் உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது), கெண்டைக்கால் பயிற்சி. இன்னொரு நாள் ஸ்பிளிட் ஸ்குவாட் காலுக்கு 3 செட், லெக் கர்ல், இரு கைகளிலும் டம்பெல் ஏந்தி நடத்தல். ரொமானியன் டெட்லிஃப்டில் முதுகு நேராக இருக்கும்வரை மட்டும் இறங்குங்கள். அது உங்கள் கீழ்முதுகையும் பொறுமையாக வலுப்படுத்தும். ஒவ்வொரு செட்டின் எடையையும் ரெப்பையும் ஒரு நோட்டில் எழுதிவைத்து, மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பாருங்கள். எண்கள் ஏறியிருந்தால் உங்கள் கால் பயிற்சி சரியான பாதையில் போகிறது. பார்பெல்லுக்குத் திரும்புவதா என்பதை அப்போது விருப்பத்தின்பேரில் முடிவு செய்யலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். வலி முதுகோடு நில்லாமல் பிட்டம் வழியாகக் காலுக்குள் இறங்கினாலோ, பாதத்தில் மரத்துப்போதலோ வலுக்குறைவோ தெரிந்தாலோ, எந்தப் பயிற்சியையும் மாற்றிப் பார்க்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு தவறினாலோ, தொடைகளின் உட்பகுதி மரத்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.